ரெமெய் எழுதிய 'மடை'

பெனிமெலிக், 6 பிப்ரவரி 1994

அன்புத் தங்கை ரெமெய்க்கு அண்ணன் பத்திஸ்தே எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி அமாலியாவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அந்த முழங்கால் வலியைத் தினமும் கேட்கிற வலி. வேறு குறை இல்லை. கொலோனில் பனி கொட்டுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டுதானே வெளியே போகிறாய்?

விஷயத்துக்கு வருகிறேன். வலென்சியா செய்தித்தாளில் உன் படம்! அரைப் பக்கம்! "ஜெர்மனியில் வாழும் நம் மண்ணின் இசையமைப்பாளர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வியன்னாவில் உன் இசையை வாசித்து முடித்ததும் கைதட்டல் ஓயவே இல்லையாமே! அதை வெட்டி எடுத்து நம் பழைய பேண்டு கிளப்பில் காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவிட்டேன். இனிமேல் எவனும் உன்னை அண்ணாந்து பார்க்காமல் காபி குடிக்க முடியாது. எதிர்க் கிளப் ஜன்னலிலிருந்து புது பேண்டுக்காரர்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். எண்பது வருஷத்துக்கு முன்னால் நம்மை விட்டுப் பிரிந்துபோனார்களே, இத்தனை வருஷத்தில் அவர்கள் பக்கத்தில் உன்னைப்போல் ஒருத்தி பிறந்தாளா? வயிறு எரியட்டும். (உன் அண்ணி இதைப் படித்துவிட்டு முறைக்கிறாள். புது பேண்டு வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டதற்கு இன்னும் அனுபவிக்கிறேன்.)

நம் கிளப்பின் தலைவன் எலிசேயு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"ஏன் பத்திஸ்தே, உன் தங்கச்சி வியன்னாவுக்கு எழுதுறா, பாரிசுக்கு எழுதுறா. நமக்கு ஒண்ணு எழுதக் கூடாதா?"

"கேட்டாத்தானேப்பா எழுதுவா!"

"அப்ப கேளு. செசிலியம்மாள் திருநாள் கச்சேரிக்கு வச்சுக்கலாம்."

கிளப் மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே கேட்கிறேன். நம் பேண்டுக்கு ஒன்று எழுதிக் கொடு. நவம்பரில், நம் வாத்தியக்காரர்களின் காவல் புனிதை செசிலியம்மாள் திருநாளில் வாசிக்கிறோம். நான் பொறுப்பு.

ஃபோனில் கேட்டிருக்கலாம். ஆனால் அப்பா இறந்த சமயத்தில் ஃபோனில் நாம் போட்ட சண்டை இன்னும் என் காதில் ஒலிக்கிறது. கடிதத்தில் கத்த முடியாது, அது ஒரு வசதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெருமையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் திரியும்
உன் அண்ணன் பத்திஸ்தே


கொலோன், 27 பிப்ரவரி 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டுதான் போகிறேன். இருமல் போய்விட்டது. அண்ணியின் முழங்காலுக்கு இங்கே ஒரு நல்ல தைலம் கிடைக்கிறது, தனியாக அனுப்புகிறேன். உனக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே, ஏன்?

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அழுதேன் என்று எழுதினால் கிளப்பில் உரக்கப் படிப்பாய், அதனால் எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இருபத்தாறு வருஷமாக வெளியூரில் இருக்கிறேன். எத்தனையோ நகரங்களில் என் இசையை வாசித்திருக்கிறார்கள். கைதட்டல் முடிந்து தங்கும் அறைக்குத் திரும்பும்போதெல்லாம் மனசில் ஒன்றுதான் உறுத்தும்: இதைப் பெனிமெலிக்கில் ஒரு ஜீவன்கூடக் கேட்டதில்லையே என்று. நான் என்ன வேலை செய்கிறேன் என்றே நம் ஊருக்குத் தெரியாது. அதனால் நீ கேட்டது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

எழுதுகிறேன். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், இது ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கிற பாட்டாக இருக்காது. தோட்டத்துக்கு நம் முறைத் தண்ணீர் வரும் நாளில், மடையைத் திறந்ததும் காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்குமே, உஸ்ஸென்று? அங்கிருந்து தொடங்கப்போகிறேன். முதல் சில நிமிஷங்களுக்கு யாரும் சுரம் வாசிக்க மாட்டார்கள். வாத்தியத்துக்குள் வெறும் மூச்சை மட்டும் விடுவார்கள், அத்தனை பேரும். அதன் பிறகுதான் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீர் நீதான். உன் பொம்பார்தினோவுக்கு நீளமாக ஒரு தனி வாசிப்பு வைக்கிறேன். அந்தப் பெரிய பித்தளைக் குழாயை மடியில் சாய்த்துக்கொண்டு நீ ஊதுவாயே, அந்தக் குரலை மனசில் வைத்துத்தான் எழுதப்போகிறேன். பெயர்: 'மடை'.

எலிசேயுவுக்கு என் நன்றியைச் சொல். அண்ணிக்கு முத்தங்கள்.

ரெமெய்


பெனிமெலிக், 19 ஜூன் 1994

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். தைலம் வந்தது. அமாலியா முழங்காலில் பூசினாள், வீடு முழுக்க மருத்துவமனை வாடை. பூனை இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை. வலி குறைந்தது என்கிறாள், அதை என்னிடம் சொல்வது குறையவில்லை. என் சர்க்கரை பரவாயில்லை.

இந்த வருஷம் ஆரஞ்சு நன்றாகக் காய்க்கும் போலிருக்கிறது. ஏப்ரலில் பூ வந்தபோது மழை வந்து கெடுத்துவிடுமோ என்று பயந்தோம், வரவில்லை. கூட்டுறவுக் கிடங்கில் புதிதாக ஓர் இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள், பழத்தைத் தானே அளவு பார்த்துப் பிரிக்கிறது. சின்னதைப் பெரியதோடு போட்டுவிடுகிறது, அப்புறம் நாங்கள் உட்கார்ந்து மறுபடியும் பிரிக்கிறோம். பக்கத்து வீட்டு ரமோனாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை காந்தியா நகரத்தில் பல் மருத்துவர்.

உன் இசைத்தாள் வந்து சேர்ந்தது. கமிட்டியில் கொடுத்திருக்கிறேன். பார்க்கிறார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

வெயில் கொளுத்துகிறது. உனக்கு அந்தக் கவலை இல்லை, கொடுத்துவைத்தவள்.

பத்திஸ்தே


கொலோன், 10 ஜூலை 1994

அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். பூனை திரும்பி வந்ததா?

ஆரஞ்சுப் பூவுக்கும் இயந்திரத்துக்கும் பெரிய பத்தி, பல் மருத்துவர் மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு வாக்கியம். என் இசையைப் பற்றி நாலு சின்னச் சின்ன வாக்கியம். பிப்ரவரியில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் திரிந்த ஆள் நீதானா?

ஒத்திகை எப்போது தொடங்குகிறது? அந்த மூச்சுப் பகுதி முதலில் எல்லோருக்கும் விநோதமாக இருக்கும். இங்கேயும் வாத்தியக்காரர்கள் முதல் நாள் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கே சந்தேகம் என்று பேண்டு மாஸ்டர் எனக்கு எழுதட்டும், பொறுமையாகப் பதில் எழுதுகிறேன். உன் பகுதியை வாசித்துப் பார்த்தாயா? நடுவில் ஒரு நீண்ட சுரம் வருமே, மூச்சு போதுகிறதா?

ரெமெய்


பெனிமெலிக், 21 ஆகஸ்ட் 1994

தங்கைக்கு,

பூனை வந்துவிட்டது. நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு எழுது.

ஒத்திகை இன்னும் தொடங்கவில்லை. மாஸ்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு ஊர்த் திருவிழா வந்துவிட்டது. இனிமேல்தான் பார்க்க வேண்டும். அவசரப்படாதே.

என் பகுதியை வாசித்துப் பார்த்தேன். மூச்சு போதுகிறது.

பத்திஸ்தே


கொலோன், 14 செப்டம்பர் 1994

அண்ணா,

நலமா என்று கேட்காமல் தொடங்குகிறேன், மன்னித்துக்கொள்.

எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் புது பேண்டின் மாஸ்டர், நேவுஸ் என்ற பெண். பழைய பேண்டுக் கமிட்டி 'மடை'யை ஜூன் மாதமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டதாம். ஊருக்கே தெரியுமாம். இசைத்தாள் எப்படியோ அவர் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு இரவு உட்கார்ந்து படித்தாராம். "உங்கள் அனுமதி இருந்தால் செசிலியம்மாள் கச்சேரியில் நாங்கள் வாசிக்கிறோம், எங்களுக்குக் கௌரவம்" என்று எழுதியிருக்கிறார்.

அவர்கள் வேண்டாம் என்றதில் எனக்கு ஒன்றும் அதிர்ச்சி இல்லை. பெரிய நகரங்களிலேயே என் இசைக்கு நடுவில் எழுந்து போனவர்கள் உண்டு. ஆனால் நீ? முதுகு பிடித்துக்கொண்டது, திருவிழா வந்துவிட்டது! எனக்கு வயது நாற்பத்தைந்து, அண்ணா. உண்மையைத் தாங்குவேன். நீ மறைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

நேவுஸுக்குச் சரி என்று எழுதிவிட்டேன். பழைய பேண்டு வீட்டில் பிறந்தவள் புது பேண்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்று உனக்குக் கோபம் வரும். கிளப்பில் தலை காட்ட முடியாது என்பாய். வரட்டும் கோபம். என் இசை என் ஊரில் ஒரு தடவையாவது ஒலிக்க வேண்டும். தெருவின் எந்தப் பக்கத்திலிருந்து ஒலித்தாலும் எனக்குச் சம்மதம்.

உனக்காக எழுதிய பகுதியை இனி வேறு யாரோ வாசிப்பார்கள். அது ஒன்றுதான் வருத்தம்.

ரெமெய்


கொலோன், 16 அக்டோபர் 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? அதுவாக இருந்தால் அண்ணியையாவது எழுதச் சொல்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தெரியும். அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதில் சொன்னதையும் திரும்ப வாங்க மாட்டேன், நீயாக இருந்தாலும் வாங்க மாட்டாய், நாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே. ஆனாலும் எழுது.

நவம்பரில் என்னால் வர முடியாது. அதே வாரம் இங்கே என் புது இசை அரங்கேறுகிறது, ஒத்திகை முழுவதும் நான் கூட இருக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்து அனுப்புவதாக நேவுஸ் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய பொம்பார்தினோ ஆள் அந்த நீண்ட பகுதியில் தடுமாறுகிறானாம், வெளியூரிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்யப் பார்க்கிறார்களாம். அந்தப் பகுதி சரியாக வராவிட்டால் 'மடை' திறக்காது. எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை.

எழுது அண்ணா. திட்டியாவது எழுது.

ரெமெய்


பெனிமெலிக், 3 நவம்பர் 1994

ரெமெய் கண்ணுக்கு, அமாலியா எழுதுகிறேன்.

எனக்கு எழுத்து வராது, பொறுத்துக்கொள். உன் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறார், தூங்குகிறார், சர்க்கரை மருத்துவர் சொன்ன அளவில்தான். பேச்சு மட்டும் இல்லை. "ரெமெய்க்கு எழுதுங்களேன்" என்றால், "எழுத எனக்கு இன்னும் ஒண்ணும் இல்லடி" என்கிறார்.

இசைத்தாளை நேவுஸிடம் கொடுத்தது நான்தான். அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு இந்த மனிதர் தினமும் அதை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். கோடை முழுக்கப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. ஒரு நாள் அவர் தோட்டத்துக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன், முழங்கால் வலியோடு. என் அப்பா வீட்டுப் பேண்டுக்குக் கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

உன் அண்ணன் சாயங்காலமானால் காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போகிறார். எங்கே என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். அவரே சொல்லட்டும். பிறகு, எனக்கு நிறையத் தையல் வேலை இருக்கிறது, ஒரு கோட்டு இடுப்பில் பிடிக்கிறது.

நன்றாகச் சாப்பிடு. படத்தில் இளைத்துத் தெரிகிறாய்.

உன் அண்ணி அமாலியா


கொலோன், 4 டிசம்பர் 1994

அண்ணா,

ஒலிநாடா நேற்று வந்தது. நேவுஸின் கடிதத்தில் "எல்லாம் சிறப்பாக நடந்தது, கேட்டுப் பாருங்கள்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டேன். மூச்சு தொடங்குகிறது. யாரோ இருமுகிறார்கள். சிறுசுகள் சிரிக்கின்றன. போச்சு, இதோ எழுந்து போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது அரங்கத்தில் ஒரு கிழட்டுக் குரல் ஓங்கிக் கத்துகிறது: "ஏய், தண்ணி வருதுடா!" அதோடு அத்தனை பேரும் அமைதி. யார் அது? அவருக்கு நான் என்ன கொடுத்தாலும் தகும்.

பிறகு பொம்பார்தினோ. முதல் சுரத்துக்கு முன்னால், வாத்தியக்காரர் மூச்சை இழுக்கிறார். முதலில் மூக்கால் கொஞ்சம், நிறுத்தி, பிறகு வாயால் ஒரே இழுப்பு. இப்படி மூச்சு வாங்காதே என்று உன்னை எத்தனை மாஸ்டர்கள் திட்டியிருக்கிறார்கள்! பத்து வருஷம் அடுத்த அறையில் இருந்து கேட்ட மூச்சு எனக்குத் தெரியாதா? நாடாவை நிறுத்திவிட்டேன். திரும்பச் சுற்றி மறுபடியும் கேட்டேன். மறுபடியும். அப்புறம் கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டி, "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கும் அளவுக்கு அழுதேன். இதைக் கிளப்பில் உரக்கப் படிக்கலாம்.

ஆனால் எந்தக் கிளப்பில்? அண்ணா, என்ன செய்துவிட்டாய்?

ரெமெய்


பெனிமெலிக், 13 டிசம்பர் 1994

அன்புத் தங்கை ரெமெய்க்கு அண்ணன் பத்திஸ்தே எழுதுவது.

நாங்கள் மிகவும் சுகம். உன் கண்ணீர் வற்றி, உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இப்போது எழுத எனக்கு விஷயம் இருக்கிறது, உட்கார்ந்து படி.

ஜூன் மாதம் கமிட்டியில் உன் இசைத்தாளை நடுவில் வைத்தார்கள். எலிசேயு நாலு பக்கம் புரட்டினான். "பத்திஸ்தே, இது இசையா, ஆஸ்துமாவா?" என்றான். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நானே உன்னிடம் கேட்டு, நானே பொறுப்பு என்று சொல்லி, பிறகு எந்த முகத்தோடு உனக்கு அதை எழுதுவது? பேனாவை எடுத்தால் ஆரஞ்சைப் பற்றித்தான் வந்தது.

உன் செப்டம்பர்க் கடிதம் வந்தபோது கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. புது பேண்டு வாசிக்கப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு சாயங்காலம் அவர்கள் ஒத்திகைக் கூடத்துக்குப் பின்னால் காரை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். ஐம்பது வயதில் திருடன் மாதிரி! உள்ளே அந்தக் கூட்டம் மூச்சு விடத் தொடங்கியது. ரெமெய், காகிதத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதுதான் உண்மை. அங்கே காருக்குள் உட்கார்ந்து கேட்டபோது என் கால் தானாகப் பின்னால் நகர்ந்தது, செருப்பு நனைந்துவிடும் என்று. அப்படி இருந்தது! என் தங்கை இதை எழுதியிருக்கிறாள், இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் இப்படி ஒரு தங்கை இருக்கிறாள் என்று காருக்குள் தனியாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் பொம்பார்தினோ வந்ததும் எல்லாம் நாசம். அந்தப் பையன் பாவம், தண்ணீரை வாளியில் தூக்கி ஊற்றுகிறவன் மாதிரி ஊதினான். வெளியூர் ஆள் வரவே இல்லை. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பிறகு தாங்கவில்லை. கார் டிக்கியைத் திறந்து வாத்தியத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எண்பது வருஷத்தில் எங்கள் ஆள் ஒருவன் அந்தக் கதவுக்குள் போனதில்லை. டிரம் அடிக்கிறவன் குச்சியைக் கீழே போட்டான்.

"என்ன வேணும்?" என்றாள் நேவுஸ்.

"இப்படி வராதும்மா தண்ணி. நான் காட்டறேன்."

காட்டினேன். அந்தப் பையன்தான் முதலில் எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தள்ளினான். பெருந்தன்மையான பிள்ளை, அவர்கள் பக்கத்தில் அப்படியும் சிலர் இருக்கிறார்கள்.

எங்கள் விதி உனக்குத் தெரியும். புது பேண்டோடு வாசித்தவனுக்குப் பழைய பேண்டில் இடமில்லை. வாத்தியமும் பேண்டுடையது. அவர்கள் வந்து கேட்பதற்கு முன்னால் நானே மினுமினுவென்று துடைத்து எடுத்துக்கொண்டு போய்க் கிளப்பில் எலிசேயு முன்னால் வைத்தேன். (நாடாவில் நீ கேட்டது புது பேண்டு எனக்குக் கொடுத்த வாத்தியம்.)

"வெளியே போனா திரும்ப வர முடியாது, தெரியும்ல?" என்றான்.

"தெரியும்."

"தங்கச்சிக்காகவா இவ்வளவும்?"

"தங்கச்சிக்காக மட்டும் இல்லப்பா. அந்த இசை நல்லாயிருக்கு. உனக்குப் புரியலைங்கறதுக்காக நான் ஊதாம இருக்க முடியுமா?"

காபி இயந்திரத்துக்கு மேலே உன் படம் இருந்தது. அதைக் கிழித்துக்கொண்டு வரத்தான் நினைத்தேன். பிறகு, இருக்கட்டும், தினமும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிமேல்தான் வேடிக்கை. செசிலியம்மாள் திருநாளன்று புதிதாகச் சேரும் பிள்ளைகளை வீட்டு வாசலுக்கே பேண்டு வந்து அழைத்துப் போகுமல்லவா? இந்த வருஷம் புது பேண்டில் மூன்று பொடியன்கள், ஒரு சிறுமி, அப்புறம் நான். "நான் நடந்தே வந்துடறேனே" என்று நேவுஸிடம் கெஞ்சினேன். "முறைன்னா முறைதான், பத்திஸ்தே அண்ணா" என்றுவிட்டாள். காலையில் மொத்தப் பேண்டும் முழங்கிக்கொண்டு நம் தெருவுக்குள் வந்தது. பழைய பேண்டுத் தெரு, அதில் புது பேண்டு! இரண்டு பக்கமும் ஜன்னல்கள் படார் படார் என்று சாத்திக்கொண்டன. நம் வாசலில் நின்று வாசித்தார்கள். நான் இடுப்பில் பிடிக்கிற நீலக் கோட்டோடு வெளியே வந்தேன். அமாலியா எல்லோருக்கும் பாதாம் கேக்கும் இனிப்பு ஒயினும் கொடுத்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் நடந்த பொடியனின் தலை என் இடுப்புக்குத்தான் வந்தது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை ரெமெய், தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

மேடையேறுவதற்கு முன்னால் அவர்கள் தலைவருக்கு ஒரு குழப்பம். "உங்களை எப்படி அறிமுகப்படுத்தறது? பழைய பேண்டுன்னும் சொல்ல முடியாது, எங்க ஆளுன்னு சொன்னா எங்க ஆளுங்களே நம்ப மாட்டாங்க."

"எழுதினவளோட அண்ணன்னு சொல்லுங்க. போதும்."

அப்படியே சொன்னார். நாடாவில் அது இல்லை, அதற்குப் பிறகுதான் பதிவைத் தொடங்கினார்களாம்.

தண்ணி வருது என்று கத்தியது அமாலியாவின் மாமா கஸ்பார். பாதிச் செவிடு, ஆயுசு முழுக்க மடை திறந்து மூடினவர். சத்தியமாக வாய்க்கால் உடைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். அதன் பிறகு சிரித்தவன் ஒருவன் இல்லை. நான் அந்த நீண்ட சுரத்தைப் பிடித்திருந்தபோது முன்வரிசையில் ஆண்கள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன். முடிந்ததும் எழுந்து நின்றார்கள், ரெமெய். கஸ்பார் முதற்கொண்டு எல்லோரும். "ரெமெய்! ரெமெய்!" என்று உன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். வியன்னாவில் அப்படிக் கத்தினார்களா?

வெளியே வந்தபோது, சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் பழைய பேண்டு கிளப்பின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நவம்பர்க் குளிரில்! ஜன்னல் ஓரத்தில் அத்தனை பேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சீட்டாட ஆரம்பித்தார்கள்.

நீ கேட்டாயே, என்ன செய்துவிட்டாய் என்று. இதைத்தான் செய்தேன். வருத்தம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் கால் பழக்கத்தில் அந்தப் பக்கமே திரும்புகிறது. ஆனால் மறுபடியும் செய்யச் சொன்னால் மறுபடியும் செய்வேன்.

கிறிஸ்துமஸுக்கு நல்ல ஆட்டுக்கறியாக வாங்கிச் சாப்பிடு. தனியாக உட்காராதே.

'எழுதினவளோட அண்ணன்' என்ற பெயரோடு மேடையேறிய
அண்ணன் பத்திஸ்தே


கொலோன், 15 ஜனவரி 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

புத்தாண்டு உங்கள் இருவருக்கும் நல்லபடியாகப் பிறந்திருக்கும். நான் நலம். உன் கடிதம் கோட்டுப் பையிலேயே இருக்கிறது. இங்கே நண்பர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறேன், பொடியனுக்குப் பின்னால் நீ நடந்ததைக் கேட்டு எல்லோரும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பரிசுகள் சில உண்டு. இதற்குப் பக்கத்தில் வைக்க அவற்றில் ஒன்றுகூட இல்லை. மே மாதம் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். எலிசேயு எனக்கு எழுதியிருக்கிறான். கமிட்டி கூடி ஒருமனதாக முடிவு செய்திருக்கிறதாம்: அடுத்த செசிலியம்மாள் திருநாளுக்குப் பழைய பேண்டுக்கும் நான் ஒன்று எழுதித் தர வேண்டுமாம். "புது பேண்டுக்கு எழுதியதைவிடப் பெரிதாக" என்று அடிக்கோடு போட்டிருக்கிறான். மூச்சு விடுகிற பகுதி இருந்தாலும் ஆட்சேபணை இல்லையாம்! உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதலில் படித்தபோது கிழித்துப்போடத்தான் தோன்றியது. பிறகு, அப்பா வாசித்த பேண்டு, தாத்தா வாசித்த பேண்டு என்றும் தோன்றுகிறது. என் ஊரின் அந்தப் பாதியும் என்னைக் கேட்கிறது, இப்போது மட்டும் மாட்டேன் என்பதா? உன்னைத் துரத்தியவர்களுக்கு எழுதினால் உனக்குத் துரோகமா? நீ வேண்டாம் என்றால் எழுத மாட்டேன். நீ சொல்வதுதான் முடிவு.

ரெமெய்


பெனிமெலிக், 29 ஜனவரி 1995

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். மே மாதம் என்று படித்ததிலிருந்து அமாலியா உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடுகிறாள்.

எழுது. துரோகமாவது ஒன்றாவது! கேட்கிறவர்கள் பழைய பேண்டு, சும்மாவா? அடிக்கோடு வேறு போட்டுக் கேட்டிருக்கிறான், நன்றாக எழுது, மிக நன்றாக எழுது. கிளாரினெட்டுகளுக்குக் கஷ்டமாகவே எழுது, அவர்களிடம் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். டிரம்பெட்டுக்கும் தாராளமாக எழுது. நான் எதிர்க் கிளப் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு கேட்பேன்.

பொம்பார்தினோவுக்கு மட்டும் ஒன்றும் வைக்காதே. அவர்களிடம் இப்போது அதை ஊத ஆள் இல்லை.

உன் அண்ணன்
பத்திஸ்தே